கன்ரீன் கதைகளும் மூடாத பிறீசரும்

எம்மோடு வேலை செய்கின்ற பொடியன் ஒருவன் லண்டன் பொலிஸில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறான். இங்கேயே பிறந்தவன். பகலில் படிப்பு. வெள்ளி, சனி இரவுகளில் எமது றெஸ்ரோறன்றில் மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை. ஒரு சனி இரவு, கடைசி மேசையும் எழும்பிப் போனபின், குசினி வாசலில் நின்றுகொண்டு கேட்டான்: "அண்ணை, நீங்கள் உதுகளைப் பற்றி வாசிக்கிற ஆள். நான் பொலிசுக்குப் போறது பிழையோ?"

உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. பொலிஸ் என்ற சொல்லுக்கு முதலில் பதில் சொல்வது எமது உடம்புதான். மூளை பிறகுதான் வந்து சேரும். நாம் வளர்ந்த இடத்தில் பொலிஸ் என்றால் இரவில் கதவு தட்டப்படும் சத்தம். கேட்பதற்கு முன்னரே அடையாள அட்டையை நீட்டும் பழக்கம். விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் இடப்படும் கையெழுத்து. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடங்களாகியும், வீதியோரம் பொலிஸ் வண்டி மெதுவாக வந்தால் எமது கை தானாகவே சட்டைப்பைக்குள் போய் அட்டையைத் தேடுகிறது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இருபத்தொரு வயதுப் பொடியன் ஒருவனுக்கு நியாயமான பதில் சொல்லமுடியுமா?

ஆகவே, இரண்டு பிரதிகளை மீண்டும் எடுத்துக்கொண்டு இருந்தோம். ஒன்று, ஸ்ரீவ் மக்குயின் இயக்கிய 'சிவப்பு, வெள்ளை, நீலம்' என்ற படம். மற்றது, லூயிஸ் கேசி அம்மையார் 2023 மார்ச் 21 இல் வெளியிட்ட அறிக்கை. முன்னையது கலை, பின்னையது விசாரணை. இரண்டும் மெற்றோபொலிற்றன் பொலிஸ் என்ற ஒரே நிறுவனத்தைப் பற்றியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது எமக்குப் பட்டவற்றையே இங்கு எழுதுகிறோம். நாம் சினிமா விமர்சகர்கள் அல்ல. இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன சமூகவியல் படிப்பும், பத்து வருடத்துக்கு மேற்பட்ட குசினி அனுபவமும்தான் எமது தகுதி. இவற்றில் இரண்டாவதே இக்கட்டுரைக்குக் கூடுதலாக உதவியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

1

படத்தை நாம் முதலில் பார்த்தது 29.11.2020 ஞாயிற்றுக்கிழமை இரவு. கொரோனாவின் இரண்டாவது ஊரடங்கு. றெஸ்ரோறன்றுகள் பூட்டிக் கிடந்தன. வாழ்க்கையிலேயே முதற்தடவையாக ஞாயிறு இரவில் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்க்கும் பாக்கியம் குசினித் தொழிலாளருக்குக் கிடைத்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து லண்டனில் குடியேறிய கறுப்பின மக்களின் வாழ்வைப்பற்றி மக்குயின் எடுத்த ஐந்து படங்களின் தொகுப்பில் இது மூன்றாவது. பி.பி.சி. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றாகக் காட்டியது.

கதை உண்மையானது. லெரோய் லோகன் மருத்துவமனையொன்றின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த விஞ்ஞானப் பட்டதாரி. யமேக்கா நாட்டிலிருந்து வந்த அவருடைய தந்தையை, வண்டி நிறுத்தியதைச் சாட்டாக வைத்துப் பொலிஸார் அடித்து நொறுக்குகின்றனர். அதே காலத்தில் மகன் பொலிஸில் சேர்கிறார். 1983 ஆம் ஆண்டு. 'வெளியில் நின்று கல்லெறிவதைவிட உள்ளே போய் மாற்றவேண்டும்' என்பது அவருடைய நியாயம். தந்தைக்கோ இது தன் முகத்தில் விழுந்த இரண்டாவது அடி. லோகனாக ஜோன் பொயேகாவும் தந்தையாக ஸ்ரீவ் ரூசன்றும் நடித்திருக்கிறார்கள்.

படத்தின் பலம் அதன் மௌனங்களில் இருக்கிறது. பொலிஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கும் ஹென்டனுக்கு மகனைத் தந்தை காரில் கொண்டுபோய் விடுகின்ற இடத்தைப் பாருங்கள். இருவரும் கதைப்பதில்லை. பாட்டு மட்டும் ஓடுகிறது. மகன் இறங்கி நடக்கத் தொடங்கியபின் தந்தையும் இறங்கிப் போய்க் கட்டிப்பிடிக்கிறார். அந்தத் தழுவலுக்குள் மன்னிப்பு இருக்கிறதா, மரணவீட்டுத் துக்கம் இருக்கிறதா என்பது எமக்கு இன்னமும் தெரியவில்லை. கட்டுநாயக்காவில் எம்மை ஏற்றிவிட வந்த தகப்பன்மார் நின்ற நிற்பு எமக்கு நினைவுக்கு வந்தது. சரி, அதை விடுவோம்.

பயிற்சியில் லோகன் முதல்தரம். பொலிஸ் நிலையத்துக்கு வந்ததும் எல்லாம் மாறுகிறது. அலுமாரிக் கதவில் இனவாதச் சொல் எழுதப்படுகிறது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர் வந்ததும் வாயை மூடுகிறார்கள். அதேவேளை, 'எங்களிடமும் கறுப்பர் இருக்கிறார்' என்று காட்டுவதற்கான ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் அவருடைய படம்தான் போடப்படுகிறது! சுவரொட்டியில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதே மனிதர் ஒரு தொழிற்சாலைக்குள் சந்தேகநபர் ஒருவரைத் தனியே துரத்திப்போய், வானொலியில் உதவி கேட்டுக் கத்துகிறார். ஒருவரும் வரவில்லை. அடிபட்டுத் திரும்பி வந்து, ஓய்வறையில் விளையாடிக்கொண்டிருக்கும் 'சகாக்களின்' முன்னால் நின்று வெடிக்கிறார். அவர்களோ நிலத்தைப் பார்க்கிறார்கள்.

'மனஅழுத்தம்' என்ற சொல் இப்போது எல்லா நிறுவனங்களின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தில் இச்சொல் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆனால், பொலிஸ் வேலையின் மனஅழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இக்காட்சியைவிட நல்ல விளக்கத்தை நாம் எங்கும் பார்க்கவில்லை. கள்ளனால் வரும் பயம் வேலையோடு வருவது. கூப்பிட்டால் கூடப் பணிபுரிபவன் வருவானா என்ற பயம் நிறுவனம் தருவது. முன்னையது எல்லாப் பொலிஸ்காரருக்கும் பொது. பின்னையது தெரிந்தெடுத்துச் சிலருக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது.

இனி எமது குறைகள்.

லோகனோடு அசிப் என்ற ஆசிய இளைஞனும் அதே நிலையத்தில் இருக்கிறான். தனக்குத் தெரிந்த உருதுவில் பொதுமக்களோடு கதைத்ததற்காக அவன் மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குகிறான். பிறகு வேலையை விட்டுவிடுகிறான். படம் அவனை அப்படியே விட்டுவிட்டு லோகனோடு போய்விடுகிறது. எமக்கு இது பெரிய இழப்பு. நின்று பிடித்தவனின் கதை காவியமாகிறது. நிற்கமாட்டாமல் போனவனின் கதை துணைப்பாத்திரமாகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தை அறிய விரும்பினால் நாம் தேடிப்போய்க் கேட்கவேண்டியது போனவர்களிடம் அல்லவா? போனவர்களுக்குச் சுவரொட்டி அடிக்கப்படுவதில்லை.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. அந்த ஓய்வறையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற வெள்ளையர்கள் யார்? அவர்கள் எப்படி அப்படி ஆனார்கள்? அவர்களும் ஒருநாள் ஹென்டனுக்குத் தகப்பனுடைய காரில் வந்திறங்கிய பொடியன்கள்தானே. படம் அவர்களை வெறும் சுவராக வைத்திருக்கிறது. மக்குயினின் நியாயம் எமக்கு விளங்குகிறது. இத்தனை காலமும் எல்லாத் தொலைக்காட்சித் தொடர்களும் வெள்ளைப் பொலிஸ்காரனின் குடி, விவாகரத்து, நித்திரையின்மை என்று அவனுடைய உள்மனதையே தோண்டிக்கொண்டிருந்தன. ஒருமுறையாவது அவன் சுவராக இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். கலை என்ற அளவில் அது சரி. ஆனால் எமது பொடியனுடைய கேள்விக்கு அது போதாது. ஏனென்றால், அவன் நாளை லோகனாகவும் ஆகலாம், நிலத்தைப் பார்ப்பவர்களில் ஒருவனாகவும் ஆகலாம்.

2

அந்தச் சுவரின் உட்பக்கத்தைக் கேசி அறிக்கை காட்டுகிறது. 2021 மார்ச்சில் சாரா எவராட் என்ற பெண்ணை, வெயின் கூசன்ஸ் என்ற பொலிஸ்காரன் தனது பொலிஸ் அட்டையைக் காட்டிக் கடத்திக் கொலைசெய்தான். அதன்பிறகு மெற்றோபொலிற்றன் பொலிஸே கேட்டுக்கொண்டபடி எழுதப்பட்ட அறிக்கை இது. 363 பக்கங்கள். நிறுவனரீதியான இனவாதம், பெண்வெறுப்பு, ஒருபாலுறவினர் மீதான வெறுப்பு ஆகிய மூன்றும் அங்கே உண்டு என்று அது முடிவு சொன்னது. பொலிஸ் ஆணையாளர் மார்க் ரௌலி கண்டுபிடிப்புகளை ஏற்றுக்கொண்டார். 'நிறுவனரீதியான' என்ற சொல்லை மட்டும் ஏற்கவில்லை! அது அரசியல் சொல்லாம். ஸ்ரீபன் லோறன்ஸ் கொலை நடந்தது 1993 இல். அதைப் பொலிஸ் விசாரித்த விதம் பற்றிய மக்பேர்சன் அறிக்கை அதே சொல்லைச் சொன்னது 1999 இல். சொல்லுக்கே கால் நூற்றாண்டாக அனுமதி கிடைக்கவில்லை என்றால் பொருளுக்கு எப்போது கிடைக்கும்?

தலைப்புச் செய்திகளில் வந்தவை இவை: முஸ்லிம் அதிகாரியின் சப்பாத்துக்குள் பன்றி இறைச்சி வைத்தார்கள். சீக்கிய அதிகாரியின் தாடியைக் கத்தரித்தார்கள். எமது கண் நின்ற இடம் வேறு. அது ஒரு பிறீசர்.

பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளை வைக்கின்ற குளிர்சாதனப் பெட்டிகளைப்பற்றி அதிகாரி ஒருவர் சாட்சியம் சொல்கிறார். பெட்டி நிரம்பி வழிகிறது. அதை மூட மூன்று பேர் தேவை. ஒருவர் கதவைத் தள்ளவேண்டும், ஒருவர் பிடித்திருக்கவேண்டும், மற்றவர் பூட்டவேண்டும். 2022 கோடையின் கடும் வெக்கையில் அப்படியொரு பிறீசர் பழுதாகிப்போக, உள்ளே இருந்த சாட்சியங்கள் எல்லாம் எறியப்பட்டன. இன்னொரு இடத்தில், மாதிரிகள் வைத்த பெட்டிக்குள்ளேயே யாரோ தனது சாப்பாட்டுப் பெட்டியையும் வைத்ததில் மாதிரிகள் பழுதாகின.

குசினியில் வேலை செய்யும் எவருக்கும் இந்தப் பத்தியை வாசிக்கக் கை நடுங்கும். எமது பிறீசரில் இருப்பது இறாலும் ஆட்டிறைச்சியும்தான். அதற்கே ஒரு நாளில் இரண்டு தடவை வெப்பநிலையைப் பார்த்து, எழுதி, கையொப்பம் இடுகிறோம். மறை பதினெட்டுக்கு மேல் ஏறினால் முதலாளிக்கு நித்திரை போய்விடும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான். சமைத்ததும் சமைக்காததும் ஒரே தட்டில் இருந்தால் கடையின் மானம் போய்விடும். வாடிக்கையாளனுடைய வயிற்றுக்கு இந்த நாடு கொடுக்கின்ற பாதுகாப்பு, ஒரு பெண்ணுடைய சாட்சியத்துக்கு இல்லை. இதைச் சொல்ல ஒரு தத்துவமும் தேவையில்லை. கொப்பியைப் பார்த்தால் போதும்.

இந்த இடத்தில்தான் அறிக்கை படத்தைத் தாண்டிப் போகிறது. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்ற மூவரில் எவரும் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. அவர்கள் களைத்தவர்கள். தாங்கமுடியாத அளவு வழக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள். தாம் செய்யும் வேலைக்கு மதிப்பில்லை என்று தெரிந்துகொண்டவர்கள். ஆயுதப் பிரிவுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் கிடைக்க, பெண்களையும் குழந்தைகளையும் பார்க்கின்ற பிரிவுக்குப் பழைய பிறீசர். எது 'உண்மையான' பொலிஸ் வேலை, எது 'பொம்பிளை' வேலை என்ற தரப்பிரிப்பு அந்த நிறுவனத்தின் வரவுசெலவில் எழுதப்பட்டிருக்கிறது. கலாசாரம் என்று நாம் சொல்வது வாயில் வரும் கெட்டவார்த்தை மட்டுமல்ல, எந்தப் பிரிவுக்கு எந்தப் பிறீசர் என்ற தீர்மானமும்தான்.

3

பொலிஸாரின் இந்தக் கலாசாரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு: கன்ரீன் கலாசாரம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வளருகின்ற முரட்டுப் பகிடி, 'நாங்கள், அவங்கள்' என்ற பிரிப்பு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடாமை. முன்னாள் பொலிஸ்காரரும் பின்னாளில் சமூகவியல் பேராசிரியருமான வடிங்ரன் 1999 இல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் சுருக்கமாக இது: கன்ரீனில் பேசுவதையும் வீதியில் செய்வதையும் ஒன்றாக்கக்கூடாது. மரணத்தையும் இரத்தத்தையும் பார்த்துவிட்டு வருபவன் தன் வேலைக்கு ஒரு அர்த்தம் தேடிக்கொள்வதற்காக அப்படிக் கதைக்கிறான். அது ஒரு வடிகால். பேச்சைக் கண்டிப்பதால் செயல் மாறாது.

இது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. நாமும் குசினியில் நின்று கதைப்பவர்கள். சனி இரவு எட்டு மணிக்கு, நாற்பது ஓடர்த் தாள் தொங்கிக்கொண்டிருக்க, எண்ணெய் கையில் தெறிக்க, எமது வாயிலிருந்து வருகின்ற சொற்களை வெளியில் இருந்து சாப்பிடுபவர் கேட்டால் காசு தராமல் எழும்பிப் போய்விடுவார். அந்தச் சொற்களின்படியா நாம் வாழ்கிறோம்? இல்லை. வீட்டுக்குப் போனால் மகளுக்குப் பூச்சாண்டிக் கதை சொல்கிறோம். ஆகவே வடிங்ரன் சொல்வது சரியென்றே பலநாள் நினைத்திருந்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது எரித்திரியப் பொடியன் ஒருவன்.

சில வருடங்களுக்கு முன் எமது குசினிக்குக் கோப்பை கழுவ வந்தான். எம்மைப்போலவே அகதி. கடல் கடந்து வந்தவன். அதிகம் கதையாதவன். நாம் ஐந்து பேரும் தமிழில் கதைப்போம். அவனைக் குறிக்க எம்மிடம் இருந்த சொல் 'கறுவல்'. சிலவேளை 'காப்பிலி'. "கறுவலிட்டைச் சொல்லு சட்டி வேணுமெண்டு." "காப்பிலி இண்டைக்குப் பிந்திப்போனான்." பகைமையோடு சொன்னதல்ல. சொல்லிச் சொல்லி அது அவனுடைய பெயராகவே போய்விட்டது. அவனுக்குத் தமிழ் தெரியாதுதானே என்பது எமது நியாயம். ஐந்தாறு மாதம் போனபின் ஒருநாள், சம்பளத்தை வாங்கிக்கொண்டு, ஏப்ரனை மடித்து மேசையில் வைத்துவிட்டு, எம்மைப் பார்த்து அந்தச் சொல்லை மிகச் சரியான உச்சரிப்போடு திருப்பிச் சொன்னான். "அது நான்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிறகு வரவில்லை.

நாமும் அன்று நிலத்தைத்தான் பார்த்தோம்.

நிறத்துக்காகவும் மொழிக்காகவும் துரத்தப்பட்டு வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் கறுப்பினத்தவருக்கு எமது வீடுகளிலும் கடைகளிலும் நாம் வைத்திருக்கும் பெயர்களைப்பற்றி எமது சஞ்சிகைகள் எத்தனை பக்கம் எழுதியிருக்கின்றன? இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அறையிலிருந்த ஒருவர் "கறுவல் நல்லா நடிக்கிறான்" என்றார். அவர் படத்தை மனமாரப் பாராட்டினார். அதுதான் பிரச்சினை.

வடிங்ரனுக்கு எமது பதில் இதுதான். பேச்சு செயலாக மாறுகிறதா என்று அவர் வீதியைப் பார்க்கிறார். கன்ரீனுக்குள்ளேயே ஒருவன் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை அவர் கணக்கெடுக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அந்தப் பேச்சே செயல். வடிகால் என்று சொல்லுகிறோம். வடிகால் எங்கே போய் விழுகிறது என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா? எமது குசினியில் அது கோப்பை கழுவும் தொட்டியடியில் விழுந்தது. அங்கே லோகனுடைய அலுமாரியில், சீக்கியரின் தாடியில் விழுந்தது. இவ்வளவு வித்தியாசம்தான்: எம்மால் அந்தப் பொடியனுக்கு ஒரு வேலை போனது. அவர்களுடைய இடுப்பில் கைவிலங்கு தொங்குகிறது.

4

மனஅழுத்தம் ஏன் எப்போதும் கீழ்நோக்கியே வழிகிறது? மேல்நோக்கிப் போகும் வழி அடைக்கப்பட்டிருப்பதால். இது எமது ஊகமல்ல, வரலாறு.

1918 ஓகஸ்டில் லண்டன் பொலிஸ்காரர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் காணாது, தொழிற்சங்கம் வேண்டும் என்பது கோரிக்கை. அரசாங்கம் பயந்துபோய்ச் சம்பளத்தைக் கூட்டியது. அடுத்த வருடமே சட்டம் வந்தது. 1919 இன் பொலிஸ் சட்டம், பொலிஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடைசெய்தது. அதை எதிர்த்து அதே வருடம் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் எல்லோரும், லண்டனிலும் லிவர்பூலிலும், வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். ஒருவரும் திரும்ப எடுக்கப்படவில்லை. தொழிற்சங்கத்துக்குப் பதிலாகச் சம்மேளனம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதற்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

ஆகவே, மேலே இருப்பவனிடம் 'இந்தப் பிறீசரை மாற்று, இல்லாவிட்டால் நாங்கள் வேலைக்கு வரமாட்டோம்' என்று கூட்டாகச் சொல்லும் உரிமை ஒரு பொலிஸ்காரனுக்கு இல்லை. கூட்டாகச் செய்வதற்கு அவனுக்கு மிஞ்சியிருப்பது கூட்டாகச் சிரிப்பதும், கூட்டாக மௌனம் காப்பதும்தான். குசினிக்காரராகிய எமக்கும் சங்கமில்லை. சட்டம் தடுக்காவிட்டாலும் வீசாவும் வாடகையும் தடுக்கின்றன. ஷெஃப் எம்மை ஏசுவார். நாம் கோப்பை கழுவுபவனை ஏசுவோம். அவன் சட்டியை எறிவான். இதை எழுதுவது பொலிஸ்காரனுக்கு இரக்கம் தேடுவதற்கல்ல. அடக்கப்பட்ட தொழிலாளி இன்னொருவனை அடக்கும் கருவியாவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ளாமல், 'மனஅழுத்த ஆலோசனை நிலையம்' திறந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதற்காகவே.

எமக்கும் இந்தப் பொலிஸுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1829 இல் ரொபேட் பீல் லண்டனுக்கு உருவாக்கிய பொலிஸ், மக்களின் சம்மதத்தோடு நடப்பது, துப்பாக்கி இல்லாதது என்று பெருமையாகச் சொல்லப்படும். ஆனால் இதே ஆட்சி, அயர்லாந்திலும் குடியேற்ற நாடுகளிலும் வைத்திருந்தது வேறு பொலிஸ். ஆயுதம் தாங்கியது, முகாமில் இருப்பது, மக்களுக்கல்ல ஆட்சிக்குப் பதில் சொல்வது. இலங்கைப் பொலிஸ் 1866 இல் பிரித்தானிய அதிகாரி ஒருவரின் கீழ் சீரமைக்கப்பட்டது இந்த இரண்டாவது மரபின் நிழலில்தான். யமேக்காவிலிருந்து வந்த லோகனுடைய தந்தையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாமும் லண்டன் வீதியில் பொலிஸைக் கண்டு ஒரேமாதிரி இறுகிப்போவது தற்செயலல்ல.

5

கடைசியாக, ஆட்சேர்ப்பு. பொடியனின் கேள்வி அதைப்பற்றித்தானே.

ஒவ்வொரு கேவலம் வெளிவரும்போதும் இரண்டு மருந்துகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கெட்டவர்களை உள்ளே விடாதே. இரண்டு, எல்லா இனத்திலிருந்தும் நல்லவர்களைச் சேர். இரண்டும் நல்ல மருந்துகள். இரண்டையும் அவர்கள் ஒழுங்காகச் செய்ததில்லை.

2010 க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் ஏறக்குறைய 20,000 பொலிஸாரைக் குறைத்தார்கள். பிறகு 2019 இல், மூன்று வருடத்துக்குள் 20,000 பேரைப் புதிதாகச் சேர்ப்போம் என்று தேர்தல் காலத்தில் முழங்கினார்கள். அனுபவசாலிகள் போய்விட்ட இடத்தில் பழக்குவதற்கு ஆளில்லாமல் புதியவர்கள் வந்து குவிந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸ் படைகள் ஆட்களைச் சேர்க்கும்போது பின்னணியை எப்படிப் பரிசோதிக்கின்றன என்று பொலிஸ் பரிசோதகர்கள் 725 கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 131 முடிவுகள் கேள்விக்குரியவை என்று 2022 நவம்பரில் எழுதினார்கள். கூசன்ஸ் ஒருபோதும் பொலிஸ்காரனாகியிருக்கக்கூடாது என்று 2024 பெப்ரவரியில் அஞ்சொலினி விசாரணை சொன்னது. 2001 இல் சேர்ந்த டேவிட் கரிக், பல பெண்களை ஏறக்குறைய இரு பத்தாண்டுகளாக வதைத்துக்கொண்டே 2021 இல் கைதாகும்வரை சீருடையில் இருந்தான்; அக்குற்றங்களுக்காக 2023 இல் ஆயுள்தண்டனை பெற்றான்.

சரி, கெட்டவர்களை வடிகட்டி நல்லவர்களை மட்டும் எடுத்தால்? 1967 இல் நோர்வெல் ரொபேட்ஸ், இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் லண்டன் பொலிஸில் சேர்ந்த முதலாவது கறுப்பினப் பொலிஸ்காரரானார். அவரையும் பத்திரிகைகளுக்குப் படமெடுத்துக் காட்டினார்கள். நிலையத்துக்குள் அவர் பட்டது வேறு கதை. 1983 இல் லோகன். 2023 இல் கேசி எழுதும்போது, லண்டன் பொலிஸில் 82 வீதம் வெள்ளையர், 71 வீதம் ஆண்கள். கறுப்பின உத்தியோகத்தர்மீது ஒழுக்காற்று முறைப்பாடு வருவதற்கான வாய்ப்பு வெள்ளையரைவிட 81 வீதம் அதிகம் என்று அவருடைய முதல் கடிதம் 2022 ஒக்ரோபரில் சொல்லியிருந்தது. முன்கதவில் வரவேற்பு, பின்கதவில் விசாரணை!

2003 இல் பி.பி.சி. நிருபர் ஒருவர் பயிற்சிப் பொலிஸ்காரனாகச் சேர்ந்து, வட இங்கிலாந்துப் பயிற்சி நிலையமொன்றின் இனவாதத்தைப் படம்பிடித்தார். 2022 இல் லண்டன் சாரிங் குறொஸ் பொலிஸ் நிலையத்தார் தமக்குள் அனுப்பிக்கொண்ட அருவருப்பான செய்திகள் வெளிவந்தன. 2025 ஒக்ரோபரில் அதே சாரிங் குறொஸ் நிலையம் மீண்டும் பி.பி.சி. யின் இரகசியக் கமராவில் அகப்பட்டது. ஆட்கள் வேறு, பேச்சு ஒன்று. ஆகவே, 'ஒருசில அழுகிய அப்பிள்கள்' என்று அவர்கள் சொல்லும் உவமை எமக்குப் போதாது. குசினிக்காரனுக்குத் தெரியும், பழுதான பிறீசருக்குள் எவ்வளவு நல்ல மீனை வாங்கிப் போட்டாலும் அது மணக்கும். மீனை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிறீசரைத் திருத்தக் காசில்லை என்பார்கள்.

மக்குயினின் படம், இரவில் தந்தையும் மகனும் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து குடிப்பதோடு முடிகிறது. மாற்றம் வருமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உண்மையான லோகன் முப்பது வருடம் நின்றுபிடித்தார். கறுப்பினப் பொலிஸாரின் சங்கம் 1994 இல் அமைவதற்குப் பாடுபட்டார். 2013 இல் ஓய்வுபெற்றார். இவற்றையெல்லாம் கடைசியில் எழுத்தில் ஓடவிட்டு எம்மை ஆறுதலாக வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். மக்குயின் அதைச் செய்யவில்லை. அவருடைய இந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால், அந்த மேசையில் அசிப்புக்கும் ஒரு கதிரை போட்டிருக்கவேண்டும் என்பதே எமது விமர்சனம்.

போன கிழமை பொடியனுக்குப் படத்தைக் காட்டினோம். அறிக்கையின் பிறீசர்ப் பக்கத்தையும் வாசிக்கக் கொடுத்தோம். கவனமாக வாசித்தான். நாம் மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னோம். எரித்திரியப் பொடியனின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். கேட்டுவிட்டு அவன் கேட்டான்:

"அப்ப அண்ணை, அந்தப் பொடியன் போனாப்பிறகு நீங்கள் குசினியில அந்தச் சொல்லை நிப்பாட்டினீங்களோ?"

"நான் நிப்பாட்டிப்போட்டன்" என்றோம்.

"மற்றாக்கள் சொன்னால்?"

பதில் சொல்லக் கொஞ்சம் நேரமெடுத்தது. ஒரு தடவை சண்டை பிடித்தோம். பிறகு, ஒவ்வொரு நாளும் பத்துமணித்தியாலம் பக்கத்தில் நிற்கிற ஆட்களோடு எத்தனை தரம் முகத்தை முறிப்பது என்று விட்டுவிட்டோம். ஐந்து பேர் நிற்கும் குசினி. கைவிலங்கும் இல்லை, பதவியுயர்வும் இல்லை. அங்கேயே எம்மால் இவ்வளவுதான் முடிந்தது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் அந்த நிறுவனத்துக்குள் தனியே போகும் பொடியனிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

"போகாதை எண்டு சொல்லமாட்டன். ஆனால் தனியப் போகாதை. உன்னைப்போலப் போனவையும், போய்விட்டுத் திரும்பி வந்தவையும் இருப்பினம். சேர முன்னம் அவையைத் தேடிக் கதை. முக்கியமாய், திரும்பி வந்தவையோடை" என்று சொன்னோம்.

தலையாட்டினான். பிறகு உள்ளே புதிதாகக் கோப்பை கழுவ வந்திருக்கும் ஆளைக் காட்டி, "அவருக்கு என்ன பேர் அண்ணை?" என்று கேட்டான்.

எமக்குத் தெரியவில்லை. வந்து ஒன்பது நாள். உள்ளே போய்க் கேட்டோம்.